கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு. எங்கள் ஏஏ குழுவின் உதவித் தொலைபேசி ஒருவரிடமே இருப்பதில்லை. முறை வைத்து மாற்றிக்கொள்கிறோம். என் முறையின்போது வரும் அழைப்புகள் நிறைய ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "சார், ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்குறேன்..." சொல்லுங்க என்பேன். அந்த நண்பர் யார், எவ்வளவு குடிக்கிறார் என்றெல்லாம் நான் தோண்டுவதில்லை. கொஞ்ச நேரம் பேசினால் நண்பர் தானாகவே காணாமல் போய்விடுவார். "அங்க வந்தா பேரு, அட்ரஸ் எல்லாம் எழுதி வாங்குவாங்களா?" என்று கேள்வி திரும்பியிருக்கும்.

ஒருவர் கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்கவே இல்லை. வெளியே போர்டு இருக்குமா, பின்பக்கம் வழி இருக்கிறதா, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா என்று வரிசையாகக் கேட்டார். போர்டு கிடையாது, கதவில் ஏஏ என்று எழுதிய ஒரு தாள்தான் ஒட்டியிருக்கும், பின்வழி இல்லை, வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வாசல்ல யாராவது நிப்பீங்களா?" என்றார். "நான் நிக்கிறேன் சார். நீலச் சட்டை." அவர் வந்தார். கூட்ட நேரத்தைக் கடைசியில் நானாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டம் தேடுகிறவர்களுக்கு யோசனை சொல்லச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்வேன். முகவரி தேடுவதற்கு முன்னால் ஒரு ஆளைத் தேடுங்கள். ஒரு குரலோடு பேசிவிட்டு அப்புறம் கிளம்புங்கள். முகவரியைப் பல மாதம் பையில் வைத்துக்கொண்டே திரிந்தவர்கள், வாசல்வரை வந்து அப்படியே திரும்பிப் போனவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். உள்ளே யார் இருப்பார்கள் என்று தெரியாத அறைக்குள் தனியாக நுழைவது, அதுவும் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேச நுழைவது, எவருக்கும் லேசு இல்லை.

இது வெறும் அனுபவப் பேச்சும் இல்லை. 1981-இல் சிசன், மாலம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சின்ன சோதனை செய்தார்கள். குடிப்பழக்கத்துக்காகச் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த 20 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கம்போல ஏஏ பற்றிய விவரமும், கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் கொடுத்து, போய்ப் பாருங்கள் என்றார்கள். மீதிப் பேருக்கு ஆலோசகர் அவர்கள் எதிரிலேயே ஓர் ஏஏ உறுப்பினருக்குத் தொலைபேசி போட்டு, பேசவைத்து, கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்தார். இரண்டாவது பிரிவில் எல்லோருமே கூட்டத்துக்குப் போனார்கள். முதல் பிரிவில் ஒருவர்கூடப் போகவில்லை. 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் உதவித் தொலைபேசியில் முறை பார்த்த எவருக்கும் இந்த முடிவு ஆச்சரியம் தராது.

ஏஏ பிறந்ததே ஒரு தொலைபேசி அழைப்பில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக வந்திருந்த பில் வில்சன், வந்த காரியம் கெட்டுப்போய், மேஃப்ளவர் ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் ஊர்த் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். அவர் தொலைபேசியை எடுத்தார். டன்க்ஸ் என்ற பாதிரியார் கிடைத்தார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். அந்தப் பெயர்கள் வழியே கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். தனக்குத் தெரிந்த அறுவைசிகிச்சை மருத்துவர் ஒருவர் குடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவர் சொன்னார். அந்த மருத்துவர்தான் பாப் ஸ்மித். மறுநாள் சாயங்காலம் சந்திப்பு. பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர் பாப், இரவு பதினொன்று தாண்டித்தான் எழுந்தார். அதற்குப் பிறகு அவர் ஒருமுறை மறுபடி குடியில் விழுந்து, எழுந்து, கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த அழைப்பின் நோக்கம். எனக்கு உதவுங்கள் என்று பில் கேட்கவில்லை. பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்றுதான் கேட்டார். அப்படிப் பேசினால்தான் தன்னால் குடிக்காமல் இருக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் உதவி எண்ணை அழைக்கும்போது தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்க வேண்டாம். எடுக்கிறவருக்கும் அந்த அழைப்பு தேவைப்படுகிறது. நான் பேசிவிட்டு வைக்கும் ஒவ்வொரு அழைப்பும் என் அன்றைய நாளையும் சேர்த்தே காப்பாற்றுகிறது.

(என் பெயர் இந்தக் கட்டுரையில் இருக்காது. பத்திரிகை, வானொலி, திரைப்படம் போன்ற பொதுவெளியில் பெயரை வெளியிடக் கூடாது என்பது ஏஏயின் பதினோராவது மரபு; குழுக்கள் பின்பற்றும் நெறிகளைத்தான் மரபு என்கிறோம். இணையம் வருவதற்கு முன்னால் எழுதிய வரி. ஆனாலும் இங்கேயும் பொருந்தும் என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.)

சரி, அந்த எண்ணை எங்கே பிடிப்பது? இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். மறுவாழ்வு மையங்கள், ஆலோசனை நிறுவனங்கள், 24 மணி நேரமும் பேசலாம் என்று அழைக்கும் எண்கள். மையங்களைக் குறை சொல்லவில்லை; பலருக்கு உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை எடுப்பதே சரி. ஆனால் நீங்கள் தேடியது கூட்டம். ஏஏ எண்ணில் பேசுகிறவர் கட்டணம் பற்றிப் பேச மாட்டார், காப்பீடு இருக்கிறதா என்று கேட்க மாட்டார், எங்காவது வந்து சேரச் சொல்லி அவசரப்படுத்த மாட்டார். இதில் ஏதாவது ஒன்று நடந்தால் நீங்கள் வேறு எங்கோ அழைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வைத்துவிட்டு மறுபடி தேடுங்கள்.

பல நாடுகளில் ஏஏக்குச் சேவை அலுவலகங்கள் உண்டு. பெரிய நகரங்களில் பல குழுக்கள் சேர்ந்து நடத்தும் இன்டர்குரூப் அலுவலகமும் இருக்கும். கூட்டங்களின் பட்டியல் அவர்களிடம்தான் இருக்கும். மீட்டிங் கைடு என்ற இலவசச் செயலி ஒன்றும் இருக்கிறது. பக்கத்தில் எந்த நேரத்தில் என்ன கூட்டம் என்று காட்டும். உள்ளூர் அலுவலகம் அதோடு இணைந்திருந்தால்தான் அந்த ஊர்க் கூட்டங்கள் அதில் வரும். அதனால் செயலியில் இல்லை என்பதற்காக ஊரிலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனநல மருத்துவர்களிடமும், மருத்துவமனையின் சமூகப் பணியாளர்களிடமும் பெரும்பாலும் ஒரு எண் இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள்.

பட்டியல் கையில் கிடைத்ததும் இரண்டு வகை தெரியும்: திறந்த கூட்டம், மூடிய கூட்டம். மூடிய கூட்டம் என்றால் ரகசியம் ஒன்றும் இல்லை. குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும் வரலாம், அவ்வளவுதான். உங்களுக்கே பிரச்சினை என்றால் முதல் நாளே மூடிய கூட்டத்துக்கும் தாராளமாகப் போகலாம். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், மருத்துவ மாணவர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். கூட யாராவது வந்தால்தான் தைரியம் என்கிறவர்கள் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் தன் கதையை முழுதாகச் சொல்லும் கூட்டம், ஒரு தலைப்பில் சுற்றிப் பேசும் கூட்டம், குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் ஒன்றைப் படித்துப் பேசும் கூட்டம், பெண்களுக்கு மட்டுமானது, இளைஞர்களுக்கானது என்று இன்னும் பிரிவுகள் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு ஒருவர் கதை சொல்லும் கூட்டத்தைத்தான் நான் சொல்வேன். வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம்.

பட்டியல் பழசாக இருக்கும். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். குழுக்கள் இடம் மாறும், நேரம் மாறும், சில குழுக்கள் கலைந்தே போகும். பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கும். பெரிய மனப்போராட்டத்துக்குப் பிறகு கிளம்பிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் நேராக எங்கே போவார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முன்னால் அன்று கூட்டம் உண்டா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது அதற்காகத்தான்.

இங்கே ஒரு விஷயம், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். தினமும் நிறையக் குடிக்கிறவர், நாளைக்குக் கூட்டம், அதனால் இன்றே அடியோடு நிறுத்திவிடுகிறேன் என்று தானாக இறங்கக் கூடாது. நீண்ட நாள் பழகிய உடம்பில் மது திடீரென்று நின்றால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையோடு முடியாமல் போகலாம். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து சிலருக்கு டெலிரியம் வரும்: இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், இடம் நேரம் குழம்பும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள் கண்டிப்பாக மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கூட்டம் மருத்துவமனை அல்ல. குடித்திருக்கும் நிலையிலும் கூட்டத்துக்கு வரலாம், கலாட்டா செய்யாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். அதனால் நிறுத்திய பிறகுதான் வருவேன் என்று காத்திருக்கவும் தேவையில்லை.

அதேபோல, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல ஏஏயில் எவருக்கும் உரிமை இல்லை. எங்களில் சில பழைய ஆட்கள் மாத்திரையும் ஒரு போதைதான் என்று ஆரம்பிப்பார்கள். தலையாட்டிவிட்டு மாத்திரையைத் தொடருங்கள். குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டே கூட்டத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள்.

உள்ளே என்னதான் நடக்கும்? கால் மணி நேரம் முன்னால் வந்தால் நாங்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருப்போம். ஒன்றை எடுத்து நீங்களும் போடலாம். புதியவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். இடம் பெரும்பாலும் தேவாலயத்து அறையோ, பள்ளிக்கூடமோ, மருத்துவமனைக் கூடமோதான். அதனால் அது ஏதோ மதக் கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். வாடகை குறைவு என்பதைத் தவிர அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. ஒருவர் முகவுரை வாசிப்பார். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை. பேசி முடித்த பிறகும் அறிவுரை சொல்வதில்லை. இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் முதலில் தொடர்ந்து போனேன். வீட்டிலும் வேலையிலும் அறிவுரை கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன ஆளுக்கு, பேசிவிட்டு வெறும் நன்றியோடு உட்காரலாம் என்பது பெரிய நிம்மதி. உங்கள் முறை வந்தால், இன்னிக்குக் கேட்டுக்கிறேன் என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். பெயர்கூடச் சொல்ல வேண்டும் என்று இல்லை. நடுவில் ஒரு பை சுற்றி வரும், வாடகைக்காக. வெளியிலிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏழாவது மரபு, அதனால் உறுப்பினர்களே போட்டுக்கொள்கிறோம். புதியவர்கள் அதை அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்.

கூட்டம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. முடிந்ததும் ஓடிவிடத் தோன்றும். ஓடாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். யாராவது வந்து எண் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வாங்குவது நல்லது. புதிதாக வருகிறவர்களிடம் அக்கறை என்ற பெயரில் நெருங்கப் பார்க்கிற ஆட்கள் எங்கேயும் உண்டு, எங்களிடமும் உண்டு. அப்படி ஒருவரைப் பார்த்தால் குழுச் செயலாளரிடம் சொல்லுங்கள், அல்லது வேறு கூட்டத்துக்கு மாறுங்கள். சங்கடப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவசியம் இல்லை.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒரு குழுவில் வயதானவர்களே இருப்பார்கள், இன்னொன்றில் கடவுள் பேச்சு அதிகமாக இருக்கும், மற்றொன்றில் ஒருவரே முக்கால்வாசி நேரத்தையும் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் இயங்குவது. மேலிருந்து யாரும் ஆட்டிவைப்பதில்லை. ஆகவே ஒன்று சரியில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள். உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான், குடியை நிறுத்தும் விருப்பம். அதை உங்களைத் தவிர யாரும் அளக்க முடியாது.

ஏஏவே ஒத்துவரவில்லை என்றால்? அதற்காகக் குடிக்குத் திரும்ப வேண்டியதில்லை. உலகத்தில் ஏஏ மட்டும் இல்லை. அது பிறப்பதற்கு முன்பே, 1877-இல் சுவிட்சர்லாந்தில் நீலச் சிலுவை இயக்கம் தொடங்கியது, இன்றும் பல நாடுகளில் இருக்கிறது. ஸ்மார்ட் ரெகவரி 1994-இல் வந்தது. அங்கே கடவுளும் இல்லை, படிகளும் இல்லை. குடிக்கத் தூண்டும் எண்ணத்தைப் பிடித்து ஆராயும் பயிற்சிகள் உண்டு, ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லலாம், பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். ஏஏயின் மொழி ஆண்களின் அனுபவத்தைச் சுற்றியே இருக்கிறது என்று கருதி ஜீன் கர்க்பாட்ரிக் பெண்களுக்காகத் தனி அமைப்பே தொடங்கினார். ஜப்பானில் தன்ஷுகாய் என்ற அமைப்பில் மனைவியும் கணவருமாகச் சேர்ந்தே கூட்டத்தில் உட்காருகிறார்கள், பெயரை மறைப்பதும் இல்லை. எனக்கு ஏஏ ஒத்துவந்தது. அதனால் அதைப் பற்றி அதிகம் பேசுகிறேன், அவ்வளவுதான்.

இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. ஏஏயில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 42 பேர் ஓர் ஆண்டு கழித்து முழுக்கக் குடிக்காமல் இருந்தார்கள்; மற்ற சிகிச்சைகளில் 35 பேர். அதிசயம் இல்லை, ஆனால் காசு வாங்காத ஒரு ஏற்பாட்டுக்கு இது நல்ல கணக்கு. அங்கேயும் கவனியுங்கள், எடுத்துப் பார்த்தது சேர்த்துவிடும் சிகிச்சையை. துண்டுக் காகிதத்தில் முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டதை இல்லை.

குடிப்பவருக்காக மனைவியோ அம்மாவோ அழைக்கும் அழைப்புகள்தான் எனக்கு எப்போதும் கடினம். "அவரை எப்படியாவது கூட்டிட்டுப் போங்க சார்" என்பார்கள். அவர் பேச விரும்பாமல் நாங்கள் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லும்போது அந்தப் பக்கம் குரல் இறங்குவது கேட்கும். அவர்களுக்கென்றே அல்-அனான் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸும் அவர் தோழி ஒருவரும் 1951-இல் தொடங்கியது. பிள்ளைகளுக்கு அல்-அட்டீன், 1957-இலிருந்து. குடிப்பவர் கூட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் வீட்டில் இருப்பவர்கள் தாங்களாகவே அங்கே போகலாம். அவருக்காக அழைத்து, கடைசியில் தனக்கான கூட்டத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு வைக்கிறவர்கள் உண்டு.

ஊரில் எதுவுமே இல்லாவிட்டால் இணையவழிக் கூட்டம் இருக்கிறது. 2020 ஊரடங்கில் எல்லாரும் அதற்குத்தான் போனோம், பிறகு பல குழுக்கள் அப்படியே தொடர்கின்றன. முகத்தைக் காட்டாமல், பெயரை மாற்றிப் போட்டு, எந்த நேரத்திலும் நுழையலாம் என்பதால் முதல் அடிக்கு அது வசதி. ஆனால் காமிராவை அணைத்துவிட்டுக் குடித்துக்கொண்டே கேட்கவும் அது வசதி. கொஞ்ச நாளில் நேரில் ஒருவரையாவது பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வழி, நீங்களே ஆரம்பிப்பது. குடியை விட நினைக்கும் இரண்டு மூன்று பேர் அதற்காகக் கூடினாலே ஏஏ குழு என்று சொல்லிக்கொள்ளலாம், வேறு எந்த அமைப்போடும் ஒட்டாமல் இருந்தால் போதும் என்கிறது மூன்றாவது மரபு. அனுமதி, சான்றிதழ் எதுவும் வேண்டாம். ஒரு அறை, மாறாத கிழமை, மாறாத நேரம், எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். ஆரம்பத்தில் பல வாரம் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டி வரலாம். அப்படியும் நேரத்துக்குக் கதவைத் திறந்துவைக்க வேண்டும். சேவை அலுவலகத்துக்குத் தெரிவித்தால் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். நடத்த முடியாமல் மூடினாலும் அன்றே அவர்களுக்குத் தெரிவித்து, பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கதவில் ஒட்டிய தாளிலும் பக்கத்துக் கூட்டம் எங்கே, யாரை அழைக்கலாம் என்று எழுதிவிட்டுப் போங்கள்.